உவர்த்துறை வேந்தர்க்கு, அரசி எழுந்து நின்ற செய்தி

திரை ஓயாத நெடுங்கரைக்கும் காற்றுக்கு அஞ்சாத மரக்கலங்களுக்கும் தலைவரும், வெண்குன்றெனக் குவிந்த உப்பளங்களின் காவலருமாகிய உவர்த்துறை வேந்தர் நெய்தலாதனார் திருமுன்பு, கார்பொறை நாட்டுத் தலையமைச்சன் குன்றூர்கிழான் வேட்டன் வணங்கி வரையும் ஓலை. தங்கள் கடலில் மீன் குறையாதிருக்க. தங்கள் கலங்கள் சென்ற துறையெல்லாம் நலம் கண்டு மீள்க. தங்கள் உப்பளங்களில் பருவம் தப்பிய மழை ஒருநாளும் பெய்யாதிருக்க.

முறைப்படி இவ்விடத்தில் இன்னும் பல வாழ்த்துகளை எழுதவேண்டும். வேந்தர் பொறுத்தருள்க, எழுத்தாணி என் கையில் துள்ளுகிறது. செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கள் தங்கையார், எங்கள் அரசி எழிலியார், இன்று காலை தாழ்பீடத்திலிருந்து எழுந்தார், எழுந்து நின்றார், சங்கொலி எதிர்மலையில் மோதித் திரும்பி வரும்வரை விழாமல் நின்றார். முகிலூர்க் கோட்டையின் மதில்களுக்கு மேலே இப்போது எழும் ஆரவாரம், எல்லைச் சுனையருகே பாசறை அமைத்திருக்கும் தங்கள் படையின் காதிலும் விழுந்திருக்கக்கூடும். அது போர் முழக்கம் அன்று. ஆகவே இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரை ஒரு குதிரையும் சுனையைத் தாண்டவேண்டா என்று தங்கள் தளபதிக்கு ஆளனுப்பிவிட்டு, பிறகு மேலே படிக்கும்படி வேண்டுகிறேன்.

தங்கையை எங்கள் அரண்மனையார் நஞ்சூட்டி வீழ்த்துகின்றனர் என்று தாங்கள் ஐயுற்று எழுதிய ஓலை என் முன்னே இருக்கிறது. அந்த ஐயத்துக்காக நான் சினம் கொள்ளவில்லை. நல்ல உடற்கட்டோடு அலைமேல் நீந்தித் திரிந்த பெண், மலைமேல் வந்து கணவனை இழந்த சில திங்களுக்குள் எழுந்தால் விழுகிறாள் என்று கேட்ட எந்த அண்ணனும் அப்படித்தான் நினைப்பான். நடந்தது நஞ்சன்று என்பதை விளக்குவதற்கே இவ்வோலை. ஆனால் நாங்கள் குற்றமற்றவர்கள் என்றும் நான் எழுதப் போவதில்லை.

எங்கள் மலைநாட்டு வழக்கத்தைத் தாங்கள் முழுதும் அறியமாட்டீர்கள். இந்நாட்டின் முதல் முன்னோர் ஒரு தாழ்ந்த குகைக்குள்ளிருந்து குனிந்து வெளிவந்து, ஒரே மூச்சில் நிமிர்ந்து நின்று மலையைத் தமதாக்கிக்கொண்டார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் புதிதாக முடிசூடுவோர் எழுகை விழாவன்று, முழங்கால் மார்பில் இடிக்கும்படி தரையோடு தாழ்ந்த கற்பீடத்தில் அமர்ந்து, குலப்பாணன் முன்னோர் பெயரையெல்லாம் பாடி முடிக்கும்வரை இடம்விட்டு எழாதிருந்து, சங்கு ஊதியதும் சுவரையோ தூணையோ மனிதரையோ தொடாமல் ஒரே எழுச்சியாய் எழவேண்டும்; எழுந்து, அந்தச் சங்கொலி எதிர்மலையிலிருந்து திரும்பும்வரை நிற்கவேண்டும். விழுந்தால், மலை அவரை உதறிவிட்டது என்பர். மறுமுறை எழ அடுத்த நிறைநிலா வரை தவணை உண்டு. அப்போதும் விழுந்தால், முடி அடுத்த உரிமையாளருக்கு. விழுந்தவர் பிறந்த இடத்துக்கு.

சென்ற நிறைநிலா நாளில் அரசியார் எழுந்தார். எழுந்தவர் கண்கள் எங்கேயோ நிலைகுத்தின. இருட்டுகிறது என்று மட்டும் சொன்னார், வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. பிறகு சரிந்துவிட்டார். மறைந்த மன்னரின் சிறிய தந்தையும் அடுத்த உரிமையாளருமாகிய கோடனார் அங்கேயே எழுந்து, “பாத்தீங்களா? கடலோரத்துப் புள்ள. நம்ம மலைக்கு ஒட்டலே. நான் அன்னைக்கே சொன்னேன்” என்று அவையோரிடம் சொன்னார். பல தலைகள் அசைந்தன. என் தலையும் அசைந்ததோ என்னவோ, உறுதியாக நினைவில்லை.

இந்த இடத்தில் அரண்மனை மருத்துவர் சாத்தங்கோதையைத் தங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும். விலங்கிட்டு எல்லைக்கு அனுப்பு என்று தாங்கள் கேட்டிருப்பது இவரைத்தான். இம்மாதின் வாய்க்கு எங்கள் அவையே அஞ்சும். அரசியாரைப் படுக்கவைத்து நாடி பிடித்தார், உட்காரவைத்துப் பிடித்தார், நிற்கவைத்துப் பிடித்தார். படுத்திருக்கையில் நிறைந்து நடந்த நாடி, நின்றதும் நூலாய் இளைத்துக் குதிகால் பிடரியில் பட ஓடியது என்றார். நாளின் எவ்வேளையிலும் இதையே செய்து பார்த்தார். விடியலில் கண் விழித்து எழும்போதும், வயிறு நிறைய உண்டபின் எழும்போதும், கொதிநீர் ஆடி எழும்போதும் தலை சுற்றியது, நடந்துகொண்டிருக்கையில் சுற்றவில்லை. ஓரிரு நாள் கழித்து ஒரு தோல் நீர்ப்பையைத் தூக்கிக்கொண்டு அரசியார் அறைக்குள் வந்தார்.

“தாயி, இது நஞ்சும் இல்லே, மலைக் கோபமும் இல்லே. இந்தப் பையிலே பாதிக்குத்தான் தண்ணி இருக்கு. படுக்க வச்சா எங்கேயும் பரவி நிக்குது. நிமித்துனா பாருங்க, எல்லாம் அடிக்குப் போயிருச்சு, மேல்வாய் காஞ்சு கெடக்கு. நீங்க எழுந்தா உங்க ரத்தமும் இப்படித்தான் காலுக்கு எறங்குது. உடம்பு அதைப் புடிச்சு மேலே தள்ளணும். தள்ள நேரம் ஆகுது, தள்ளுறதுக்குச் சரக்கும் பத்தலே. அதுக்குள்ள தலை வெறும்பையா ஆயிருது.”

எல்லா மனிதரும்தான் எழுகிறோம், என் தலை மட்டும் ஏன் வெறுமையாவதில்லை என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. “உங்களுக்கு மோரும் உப்பும் குடம் குடமா எறங்குதே, அமைச்சரே! தலையிலே வேற என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, ரத்தம் இருக்கு” என்றார். விழுந்த நாள் முதல் சிரிக்காத அரசியார் அன்று சிரித்தார்.

அப்பை ஏன் பாதியாயிற்று என்பதில்தான், வேந்தே, எங்கள் குற்றம் இருக்கிறது. கணவனை இழந்த மலைநாட்டுப் பெண் ஓராண்டு உப்பின்றி உண்ணவேண்டும்; பொழுது சாயும்வரை நீரும் அளந்துதான் பருகவேண்டும். இது எங்கள் துக்கமுறை. அதன்மேல், குளிருக்குக் கால் கனக்கிறது என்று அரசியார் ஒருமுறை சொன்னதற்காக, உடல் நீரை வெளியேற்றும் கஷாயம் ஒன்றைச் சாத்தங்கோதையே நாள்தோறும் கொடுத்துவந்தார். எழுகை விழாவுக்குத் தூய்மை வேண்டும் என்று முந்திய நாள் முழுப் பட்டினி; அன்று காலை கொதிநீராட்டு; மேலும், இளைத்திருக்கிறாரே என்று பாவம் பார்த்து, சில நாளாகவே படுக்கையைவிட்டு எழவேண்டா என்றும் சொல்லி வைத்திருந்தோம். படுத்தே கிடந்தால் உடல் நிற்கும் பழக்கத்தையே மறந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இவை எல்லாம் அன்பினாலும் முறையினாலும் செய்தவை. எல்லாம் சேர்ந்து அவரைக் கல்தரையில் தள்ளின. சாத்தங்கோதை அக்கஷாயப் பானையைத் தம் கையாலேயே சாக்கடையில் கவிழ்த்தார். அந்தக் கையில் விலங்கு பூட்டவேண்டா என்பது என் முதல் வேண்டுகோள்.

மருந்து என்ன என்று கேட்டபோது, உப்பும் நீரும் என்றார். அவ்வளவு எளிதா என்று நான் மகிழ்ந்தேன். எளிதன்று. துக்க ஆண்டு முடியாமல் உப்பு உண்பதற்கு அவையின் இசைவு வேண்டும். அவை கூடியது. கோடனார் முறுவலித்து, “உப்புத் திங்க ஆசைன்னா கடற்கரைக்கே போகலாமே, மருமகளே. பல்லக்குக்கு ஆளும் நானே தர்றேன்” என்றார்.

அரசியார் அமர்ந்தபடியே விடையளித்தார். அவர் சொற்களை மெருகிட்டு எழுத என் மனம் ஒப்பவில்லை. அண்ணன் காதுக்கு அவை அப்படியே கேட்கட்டும். “மாமா, உங்க அண்ணன் மகன் இருந்தப்ப, நான் ஒரு வேளை சரியாச் சாப்பிடலேன்னா அடுக்களைக்கே வந்து நின்னுருவார். அவரா இப்ப என்னை வாடப் போடச் சொல்வார்? துக்கம் எனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கு, நாக்குல இல்லே. நான் உப்புத் தின்னாலும் அழுவேன். பாக்கப்போனா, கண்ணீருக்கே உப்பு வேணும்.”

வேம்பூர்க் கோட்டைத் தலைவர் மட்டும் சாத்தங்கோதையை நோக்கி, உப்புத் தராவிட்டால் என்னாகும் என்று வினவினார். “விழுவாங்க. தலை கல்லுல பட்டா எழமாட்டாங்க. அப்புறம் ரெண்டு துக்கம் காக்கணும்” என்றார் அவர். அவை இசைந்தது, விழாப் பட்டினியையும் விட்டுக்கொடுத்தது, ஆனால் பீடத்திலிருந்து எழும் முறையில் ஓர் எழுத்தும் மாறாது, விழுந்தால் முடி போகும் என்று கோடனார் உறுதி வாங்கிக்கொண்டார்.

இசைவு கிடைத்தது, உப்பு கிடைக்கவில்லை. வேந்தே, இதைப் பணிவோடு எழுதுகிறேன்: தங்கை மீதுள்ள அன்பினால் எங்கள்மேல் சினந்து, உப்பு வண்டிகள் அனைத்தையும் எல்லையில் மறித்து வைத்தவர் தாங்கள். மலையில் உப்பு விளைவதில்லை. அரண்மனைப் பானையைச் சுரண்டினோம், மண்தான் வந்தது. தங்கள் தங்கையை நிற்கவைக்கும் மருந்து, தங்கள் வேல்வீரர் காவலில், சுனைக்கு அப்பால் மூட்டை மூட்டையாய் இருந்தது. அதைக் கேட்டு நான் வரைந்த ஓலையைத் தங்கள் தளபதி, படைக்கு உப்புத் தேடும் சூழ்ச்சி என்று திருப்பியனுப்பிவிட்டார். அவரை நான் குறைசொல்லேன். நானாயினும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்போது வேம்பூர்த் தலைவர் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அவர் இலாயத்தில் குதிரைகள் நக்குவதற்கென்று கட்டித் தொங்கவிட்ட பாறையுப்பு ஒன்று இருக்கிறதாம்; அரசியார்க்குத் தரத்தக்கதன்று என்றார். அரசியார் குதிரைகள் நன்றாக நிற்கின்றனவா என்று கேட்டார். நன்றாகவே நிற்கின்றன என்றார் அவர். “அப்ப கொண்டாங்க. மேலாப்புல நக்குன இடத்தைச் செதுக்கிட்டுக் கொண்டாங்க” என்றார் அரசியார். உவர்த்துறை இளவரசி, குதிரைகளோடு பங்கிட்ட உப்பில் கஞ்சி குடித்தார். அன்று அதைக் கண்டு நான் முகம் திருப்பிக்கொண்டேன். இன்று எழுதும்போது சிரிப்பும் வருகிறது.

அதன்பின் அரசியார் அறை ஒரு பாசறையாயிற்று. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினார்கள். சரிந்து படுத்தால் உடல் நீரைக் காத்துக்கொள்ளுமாம். விழித்ததும் துள்ளி எழுவது நின்றது. முதலில் நீர், பிறகு ஒருக்களித்தல், பிறகு காலைத் தொங்கவிட்டு அமர்ந்து பாதங்களை ஆட்டுதல், தலை தெளிந்த பின்பே நிற்றல். வயிறு முட்ட ஒருவேளை உண்பதற்கு மாறாகச் சிறிது சிறிதாகப் பலவேளை. கொதிநீர் போய் இளஞ்சூட்டு நீர் வந்தது. காலாட்படையார் கணுக்காலிலிருந்து சுற்றிக் கட்டும் துணியைக் கொண்டுவந்து தொடைவரை இறுக்கி, அடிவயிற்றுக்கும் ஒரு கட்டுப் போட்டார் சாத்தங்கோதை. “என்னைக் கரும்புக்கட்டு மாதிரி ஆக்கிட்டியே” என்று அரசியார் கடிந்தபோது, “சந்தைக்குப் போற கரும்பு நின்னுகிட்டுத்தான் போகும் தாயி” என்று பதில் வந்தது. நாள்தோறும் முற்றத்தில் நடைப்பயிற்சி வேறு. காலின் தசைதான் ரத்தத்தை மேலேற்றும் ஏற்றக்காரன் என்பது மருத்துவர் கருத்து. கண் இருளத் தொடங்கினால் வீரம் காட்டாமல் உடனே அமர்ந்துவிட வேண்டும். அமர முடியாத இடமானால் கால்களைப் பின்னித் தொடையையும் வயிற்றையும் முழு வலுவோடு இறுக்கவேண்டும் என்றும் கற்பித்தார். தாழ்பீடத்திலிருந்து எழுந்தபின் மீண்டும் அமர இடமில்லை என்பதை அறையிலிருந்த எல்லோரும் அறிவோம். 

இன்றைய நாள் வந்தது. மழை கழுவிய வானம். கோட்டை முற்றத்தில் எள் விழ இடமில்லை. அரசியார் அரசுரிமைக் கைவாளை மடியில் வைத்துத் தாழ்பீடத்தில் அமர்ந்தார். குலப்பாணன் பெயர்களைத் தொடங்கினான். எங்கள் முன்னோர்க்கு நீண்ட பெயர்கள் மட்டுமே உண்டு என்பதை இன்றுதான் உணர்ந்தேன். பட்டாடை விளிம்புக்குள் அரசியாரின் விரல்கள் மடங்குவதும் நீள்வதும், கெண்டைக்கால் இறுகுவதும் தளர்வதும், அருகில் நின்ற எனக்குத் தெரிந்தன. பாடல் முடியும் தறுவாயில் அவர் கை நீட்ட, சாத்தங்கோதை பெரிய செம்பில் நீர் கொடுத்தார். அரசியார் அதை நிறுத்தாமல் குடித்தார். அவையில் ஒரு சலசலப்பு. நீர் பருகக்கூடாது என்று எந்த முறையும் சொல்லவில்லை. பருகுவார் என்று எவரும் நினைத்ததுமில்லை.

சங்கு முழங்கியது. அரசியார் எழுந்தார்.

வேந்தே, எழுந்த கணம் அவர் முகம் உதிரம் வற்றி வெண்பட்டு போலாயிற்று. கண்கள் எங்கோ நிலைக்கத் தொடங்கின; சென்றமுறை கண்ட அதே பார்வை. கோடனார் முன்னே சாய்ந்தார். அப்போது அரசியார் வலக்காலை இடக்காலுக்குக் குறுக்கே வைத்துப் பின்னினார். கைவாளை இரு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்தார். உடல் முழுவதும் நாணேற்றிய வில்லாய் இறுகியது. உதடுகள் அசைந்தன. எதிர்மலை மௌனமாக இருந்தது. அம்மலை இவ்வளவு தொலைவில் இருப்பது எனக்குத் தெரியாது. பிறகு உதட்டில் முதலில் நிறம் வந்தது, கன்னத்தில் வந்தது, கண்கள் கூட்டத்தைக் கண்டு, ஒவ்வொரு முகமாக அடையாளம் கண்டன. அப்போது எதிர்மலையிலிருந்து சங்கொலி திரும்பி வந்தது. முற்றம் வெடித்தது. நானும் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

எந்தத் தெய்வத்தை வேண்டினீர்கள் என்று பின்னர் அரசியாரைக் கேட்டேன். “வேண்ட எங்கே நேரம்? இறுக்கு, இறுக்கு, இறுக்குன்னு கோதை திட்டுற மாதிரியே என்னை நானே திட்டிக்கிட்டேன்” என்றார்.

இத்துடன் முடிந்திருந்தால் இது நல்ல செய்தி மட்டுமே. கோடனார் விடவில்லை. மூத்தவர் என்ற முறையில் அவர் பழைய வழக்கப்படி நேற்றிலிருந்து பட்டினி. விடியலிலிருந்து நீரும் தொடாமல் தாழ்ந்த இருக்கையில் மடங்கி அமர்ந்திருந்தார். ஆரவாரத்துக்கு நடுவே துள்ளி எழுந்து, “தண்ணி குடிச்சா! காலைப் பின்னினா! இது எழுகையா, கூத்தா? இந்த மலை...” என்று முழங்கினார். அடுத்த சொல் வரவில்லை. கண்கள் மேலேறின, நெடுமரம் போல் பின்னே சாய்ந்து, நல்வேளையாகக் கல்லில் விழாமல் அரண்மனைப் பெருமுரசின்மேல் விழுந்தார். முரசு கிழிந்தது. அத்தகைய ஓசையை அம்முரசு அதற்குமுன் எழுப்பியதில்லை.

அவருடைய ஆட்கள் ஓடிவந்து அவரை நிமிர்த்தி நிறுத்தினார்கள்; அவர் மீண்டும் தொய்ந்தார். அப்போது அரசியார், “தூக்காதீங்க! கீழே படுக்க வைங்க, காலை மட்டும் ஒசத்துங்க!” என்று கூவினார். கிழிந்த முரசையே அவர் கால்களுக்கு அணையாக வைத்தார்கள். சிறிது நேரத்தில் கோடனார் கண் திறந்தார். அவர் முகத்தில் இருந்த அச்சத்தை வேடிக்கையாக எழுத என்னால் இயலவில்லை. கேட்டார்: “மலை என்னையும் உதறிருச்சா?”

எதிரியை முடித்துவிட அரசியார்க்கு அந்த ஒரு கணம் போதும். ஆம் என்று சொன்னால் போதும். அவரோ கோடனார் அருகே அமர்ந்து, “மலை யாரையும் உதறலே மாமா. என்னையும் உதறலே, உங்களையும் உதறலே. நீங்க நேத்திலேருந்து தண்ணி குடிக்கலே, அவ்வளவுதான்” என்றார். தம் கஞ்சியிலிருந்து ஒரு கிண்ணம் வரவழைத்துத் தாமே பருகவைத்தார். கோடனார் குடித்தார், நாவால் உதட்டைத் துழாவினார், “உப்புப் பத்தலே” என்றார். அவைக்கும் அவருக்கும் இடையே இருந்த இறுக்கம் அச்சொல்லில் உடைந்தது. பின்னர் அவர் அமர்ந்து, தெளிந்து, மெல்ல எழுந்து, அரசியார் கைவாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவையோர் அனைவரும் கண்டனர்.

ஆகவே அரசியார் தம் முதல் ஆணையாக அறிவித்ததாவது: இனிக் கார்பொறை நாட்டில் எழுந்து நிற்பதை வைத்து எவர் உரிமையும் அளக்கப்படாது. துக்கம் காக்கும் எப்பெண்ணுக்கும் உப்பும் நீரும் மறுக்கப்படா. எழுந்தால் தலைசுற்றுவோர் வெட்கி மறைக்காமல் மருத்துவரிடம் உரைக்கவேண்டும். உட்கொள்ளும் கஷாயங்களையும் அவரிடம் காட்டவேண்டும். சாத்தங்கோதையின் வற்புறுத்தலால் இன்னொன்றும் சேர்ந்தது: உப்பு எல்லார்க்கும் மருந்தன்று. காலில் நீர் கோத்தவர், நடந்தால் மூச்சு வாங்குபவர், நாடி ஓங்கி அடிப்பவர் ஆகியோர்க்கு அது தீங்கு செய்யும். அளவு அறிந்தவரைக் கேளாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் உண்ணலாகாது.

இனித் தங்களிடம் வேண்டுவன. தங்கள் வேல்கள் வந்த வழியே திரும்புக. மறித்த வண்டிகள் இன்றே மலையேறுக; வேம்பூர்க் குதிரைகளுக்கு நாங்கள் ஒரு பெருங்கட்டி கடன்பட்டிருக்கிறோம். சாத்தங்கோதையைக் கேட்டு எழுதிய ஓலையைத் தாங்களே நெருப்பிலிட்டருள்க.

மேகம் சூழ்ந்த குன்றம் பொறித்த முத்திரையை அரசியார் திருமுன்பே அரக்கில் பதித்தோம். மழை எம்மிடமிருந்து தங்கள் ஆறுகளுக்கு இறங்கும்வரை இரு நாட்டு நட்பும் இறங்காது நிற்க. இவ்வாணை நிலைபெறுக.

முத்திரைக்குக் கீழே அரசியார் தம் கையால் எழுதியது:

அண்ணா, படையைத்தான் திருப்பி அனுப்பச் சொன்னேன், உன்னை இல்லை. நீ வா. வாசலில் உன் குரல் கேட்டதும் முன்போல ஓடிவந்து நிற்பேன் என்று எதிர்பார்க்காதே. முதலில் தண்ணீர் குடிப்பேன், காலைத் தொங்கவிட்டு உட்காருவேன், பிறகுதான் எழுவேன். அதுவரை வாசலிலேயே நில். நான் நடந்து வருவேன்.